செப்புக் காசைப் புளி போட்டுத் துலக்காதீர்கள்

பரணைச் சுத்தம் செய்யும்போது தாத்தாவின் தகரப் பெட்டி கிடைக்கிறது. உள்ளே மஞ்சள் துணியில் முடிந்து வைத்த நாலைந்து செப்புக் காசுகள். கறுத்தும் பச்சைக் களிம்பு ஏறியும் கிடக்கும் அவற்றைப் பார்த்ததும் வீட்டில் யாராவது ஒருவர் சமையலறைக்குப் போய்ப் புளி எடுத்து வருகிறார். ஐந்தே நிமிடத்தில் காசு குத்துவிளக்கு மாதிரி பளபளக்கிறது. வந்தவர் போனவர் எல்லோரும் வாங்கிப் பார்த்து மகிழ்கிறார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அழிந்து போனது என்ன என்பது யாருக்கும் தெரிவதில்லை.

அழிந்தது, அந்தக் காசு எந்த அச்சில் பிறந்தது என்பதற்கான சாட்சி. எழுத்தின் ஓரத்தில் மயிரிழையாக ஓடும் கோடு, புள்ளி வரிசையில் ஒரு புள்ளி சற்று விலகியிருப்பது, சிங்கத்தின் வாலருகே தடித்த ஒரு மேடு ஆகியவைதான் ஒரு காசை அதே வகையைச் சேர்ந்த இன்னொரு காசிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்கள். புளியும் சாம்பலும் பாத்திரப் பொடியும் அவற்றைத்தான் முதலில் தின்கின்றன. தமிழகத்தின் செப்புக் காசுகளை அச்சு அச்சாகப் பிரித்து, படம் பிடித்து, பொதுவில் வைக்கும் வேலையை இனியும் தள்ளிப்போடக் கூடாது. அந்த வேலைக்குத் தேவையான கண் சென்னையின் மேற்குப் புறநகரில், முகப்பேரிலும் பாடியிலும் அம்பத்தூரிலும், நிறையவே இருக்கிறது.

அது எப்படி என்று கேட்கலாம். முகப்பேர் கிழக்கிலும் மேற்கிலும் குடியிருக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1960-களில் உருவான அந்தப் பேட்டையின் சந்துகளில் நடந்தால் பிரஸ் ஷாப்புகளின் ‘தட் தட்’ ஓசை இன்றும் காதில் விழும். தகடு உள்ளே போகிறது, மேலிருந்து பஞ்ச் இறங்குகிறது, கீழே டை வாங்கிக்கொள்கிறது, உருவம் பெற்ற பாகம் வெளியே வந்து விழுகிறது. ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை அடித்த பிறகு டை தேய்கிறது, அதன் ஓரம் மழுங்குகிறது, ஒருநாள் விரிசல் விடுகிறது. டையில் விழுந்த விரிசல் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் உலோகம் பிதுங்கி நுழைவதால், அடிபட்ட பாகத்தில் அது மேடான கோடாக எழும்பி நிற்கும். அனுபவப்பட்ட டூல் ரூம் ஆள் ஒரு பாகத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தே, இது எந்த டையில் அடித்தது, டை எந்த நிலையில் இருந்தபோது அடித்தது என்று சொல்லிவிடுவார்.

காசும் அப்படி அடிக்கப்பட்ட பொருள்தான். மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, நடுவில் வெற்றுத் தகடு. பிறகு கைமாறும்போது காசின் மேல் ஏற்பட்ட கீறல் பள்ளமாக இருக்கும். அச்சில் ஏற்பட்ட விரிசல் மேடாக இருக்கும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸோடு உட்கார்ந்தால் பாதி வேலை கைக்கு வந்துவிடும். அடுத்தது இடைவெளிகள். ஆண்டின் கடைசி இலக்கம் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது, ஓர் எழுத்தின் கால் அடுத்த எழுத்தைத் தொடுகிறதா, இலை நுனி எந்த எழுத்தை நோக்குகிறது என்று பார்க்க வேண்டும். கையால் வெட்டிய இரண்டு அச்சுகளில் இவை எல்லாம் ஒன்றாக அமையவே அமையாது. இரண்டு காசுகளில் இவை அத்தனையும் பொருந்தினால் இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை. ஒன்றில் விரிசல் குட்டையாகவும் மற்றதில் நீண்டும் இருந்தால் எது மூத்தது, எது இளையது என்பதும் தெரிந்துவிடும்.

இந்தக் கலையைத் தங்கள் நாட்டுச் செப்புக் காசுகளின் மேல் மிகவும் பொறுமையாகப் பயின்றவர்கள் அமெரிக்கர்கள். பிலடெல்பியா நாணயச் சாலை 1793-இல் அரை சென்ட், ஒரு சென்ட் செப்புக் காசுகளை வெளியிட்டது. எழுத்தையும் எண்ணையும் தனித்தனிப் பஞ்சால் ஒவ்வொன்றாக அச்சில் அடித்துப் பதித்த காலம் அது. முதல் ஆண்டிலேயே, சங்கிலி வளையம் பொறித்த சென்ட்டின் ஓர் அச்சில் நாட்டின் பெயர் முழுதாக இல்லை. ‘அமெரி’ என்பதோடு புள்ளி வைத்து முடிந்திருந்தது. அடுத்து வெட்டிய அச்சில் முழுப் பெயரும் வந்தது. மறு ஆண்டான 1794-இன் சென்ட்டுகளில் இப்படிப்பட்ட வேறுபாடுகள் ஏராளம். ஓர் அச்சின் விளிம்பில் பற்களுக்கு இடையே 94 பொடி நட்சத்திரங்களைக்கூட யாரோ பதித்து வைத்தார்கள். எதற்காக என்பதை இன்றுவரை எவராலும் விளக்க முடியவில்லை.

அந்த ஒற்றை ஆண்டுக் காசுகளை வகைப்படுத்தி 1869-இல் ஒரு நூல் எழுதியவர் எட்வர்ட் மாரிஸ். பிலடெல்பியாவில் வைத்தியம் பார்த்தவர். பெண் முகம் வெட்டிய ஒவ்வோர் அச்சுக்கும் ‘இரட்டைத் தாடை’, ‘சாய்ந்த ஏழு’ என்று செல்லப் பெயர் சூட்டினார். 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர் 1793 முதல் 1814 வரையிலான சென்ட்டுகளுக்கு அச்சு எண் கொடுத்துப் புத்தகம் போட்டார். இன்றும் அங்கே அந்தக் காசுகளை அவர் கொடுத்த எண்ணைச் சொல்லித்தான் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். அரசு ஆணையோ பல்கலைக்கழகத் திட்டமோ இவர்களுக்குப் பின்னால் இல்லை. வேறு தொழில் பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் லென்ஸும் குறிப்பேடுமாக உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

இந்த அமெரிக்கக் காசுகளுக்கும் மெட்ராஸுக்கும் ஓர் உறவு உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே மேத்யூ போல்ட்டன் நடத்திய சோஹோ நாணயச் சாலை, 1797 முதல் பிலடெல்பியாவுக்கு வெற்றுச் செப்புத் தகடுகளை அனுப்பியது. அதே சாலைதான் 1794-இலும் 1797-இலும் மெட்ராஸ் மாகாணத்தின் வட சர்க்கார் பகுதிக்காக, ரூபாயில் 48-இல் ஒரு பங்கு, 96-இல் ஒரு பங்கு மதிப்புள்ள செப்புக் காசுகளை நீராவி எந்திரத்தில் அடித்தது. 1803-இல் மெட்ராஸுக்காகவே 1, 5, 10, 20 காசு நாணயங்கள் அங்கிருந்து வந்தன. பத்துக் காசிலும் இருபது காசிலும் ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னத்தை இரண்டு சிங்கங்கள் தாங்கி நிற்கும். மறு பக்கம் பாரசீக எழுத்து. அப்போது ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு.

1808-ஆம் ஆண்டு பொறித்த பத்துக் காசும் இருபது காசுமாகச் சுமார் 48 டன் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் நோக்கிக் கிளம்பியது ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல். 1809 ஜனவரியில், இங்கிலாந்தின் கென்ட் கரையோரம் குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி உடைந்தது. நூற்று எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1980-களின் நடுவில் முக்குளிப்பவர்கள் அந்தக் காசுகளை லட்சக்கணக்கில் மேலே கொண்டுவந்தார்கள். பாரிமுனையிலும் கொத்தவால் சாவடியிலும் புழங்கியிருக்க வேண்டிய சில்லறை, இன்று உலகெங்கும் நாணயக் கண்காட்சிகளில் விலைக்குக் கிடைக்கிறது. அச்சுப் பிரிக்கப் பழகுகிறவருக்கு இவற்றைவிட நல்ல பாடம் அமையாது. ஒரே ஆண்டு, ஒரே சாலை, புழக்கத்துக்கே வராததால் கைபட்டுத் தேயாத காசுகள், வாங்கவும் கட்டுப்படியாகிற விலை. கடல் உப்பு அரிக்காத ஒரு காசை எடுத்துக்கொண்டு, மேசை விளக்கை ஒரு பக்கமாகத் தாழ்த்தி, மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். சிங்கத்தின் பிடரி மயிரும், சின்னத்துக்குக் கீழே சுருளும் நாடாவில் இருக்கும் எழுத்தும் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வரும்.

எந்திர அச்சுகளை ஒரே மூலப் பஞ்சிலிருந்து பெருக்குவார்கள். அதனால் சோஹோ காசுகளில் வேறுபாடு நுணுக்கமானது. மெட்ராஸிலேயே அடித்தவற்றில் அது வெளிப்படை. கோட்டை நாணயச் சாலை 1807-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்ட வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோயில் கோபுரமும், அதைச் சூழ நட்சத்திரங்களும் உண்டு. மறு பக்கம் திருமால். ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என நான்கு மொழிகள் அந்தச் சிறு வட்டத்துக்குள் இடம் பிடித்திருக்கின்றன. நட்சத்திரங்களின் எண்ணிக்கை எல்லா அச்சுகளிலும் ஒன்றுபோல் இல்லை. ஸ்பானிய வெள்ளி டாலர்களின் மேலேயே அடித்ததால், சில காசுகளில் பழைய டாலரின் எழுத்துகள் கோபுரத்துக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கின்றன. துலக்கினால் அந்த மங்கல் எழுத்துதான் முதலில் போகும்.

கம்பெனிக் காசோடு கதை முடிவதில்லை. இன்னும் பின்னே போனால் வேலை இன்னும் பெரிது. இராசராச சோழன் (985–1014) பெயர் பொறித்த செப்புக் காசுகள் தமிழகத்திலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறு பக்கம் அமர்ந்த உருவம், கையருகே நாகரி எழுத்தில் அரசன் பெயர். பின்னாளில் விசயபாகு, பராக்கிரமபாகு, அரசி லீலாவதி என்று இலங்கை மன்னர்களும் அதே அமைப்பில் தங்கள் பெயரைப் பொறித்துக் காசு அடித்தார்கள். இன்று கண்காட்சிகளில் இந்தச் சோழக் காசைக் கொத்தாகக் குவித்து வைத்து விற்கிறார்கள். மலிவாகக் கிடைப்பதாலேயே யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. சோழ அரசு எத்தனை அச்சுகளில் காசு அடித்தது, இலங்கையில் கிடைக்கும் காசும் காவிரிக் கரையில் கிடைக்கும் காசும் ஒரே அச்சுகளில் பிறந்தவையா என்ற கேள்விகளுக்கு விடை அந்தக் குவியலுக்குள்தான் கிடக்கிறது. ஒரே அச்சில் பிறந்த காசுகள் இரு கரையிலும் கிடைத்தால், ஒரே இடத்தில் அடித்த சில்லறை கடல் தாண்டியது என்பது உறுதியாகும். அச்சுகள் தனித்தனியாகப் பிரிந்தால், இரு கரையிலும் தனித்தனி அக்கசாலைகள் இருந்திருக்கலாம் என்று தேடத் தொடங்கலாம்.

கணக்கும் போடலாம். நூறு காசுகளை ஒப்பிட்டதில் பத்தே அச்சுகள் திரும்பத் திரும்ப வந்தால், அடித்த அச்சுகள் பெரும்பாலும் கண்ணில் பட்டுவிட்டன என்று பொருள். நூற்றில் தொண்ணூறும் வேறு வேறு அச்சாக இருந்தால், கண்டது கொஞ்சம், காணாதது ஏராளம். இந்த விகிதத்தை வைத்துக்கொண்டு மொத்த அச்சுகளின் எண்ணிக்கையை மதிப்பிடும் முறை கிரேக்க, ரோமானிய நாணய ஆய்வில் வெகுநாளாக நடைமுறையில் இருக்கிறது. கல்வெட்டுகள் கோயிலுக்கு வந்த பொன்னையும் நிலத்தையும் சொல்கின்றன. சந்தையில் உப்புக்கும் எண்ணெய்க்கும் கைமாறிய சில்லறையின் அளவை அறிய, அச்சுக் கணக்கைப் போல நேரடியான வழி வேறில்லை.

காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் என்ன கிடைக்கும் என்பதைத் தமிழகம் ஏற்கெனவே கண்டிருக்கிறது. சங்ககால மூவேந்தர் சொந்தமாகக் காசு வெளியிடவில்லை என்ற கருத்து வெகுகாலம் நிலவியது. 1980-களின் நடுவில் ‘தினமலர்’ ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி, மதுரையில் கிடைத்த செப்புக் காசு ஒன்றில் தமிழ்-பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்ற பெயர் இருப்பதைக் கண்டு வெளியிட்டார். அந்தக் கருத்து அதோடு ஆட்டம் கண்டது. பிறகு கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலிருந்து ‘மாக்கோதை’ போன்ற சேரர் பெயர்களும் வெளிவந்தன. பழங்காலத்தில் அச்சைவிடத் தகடு சிறியதாக இருப்பது வழக்கம். ஒரு காசில் பெயரின் முன்பகுதி விழும், இன்னொன்றில் பின்பகுதி விழும். ஒரே அச்சில் பிறந்த நாலைந்து காசுகளைச் சேர்த்து வைத்தால்தான் முழுப் பெயரும் வாசிக்கக் கிடைக்கும். நாலில் மூன்றைத் துலக்கியோ உருக்கியோ விட்டால், நாலாவதும் ஊமையாகிவிடும்.

வகைப்படுத்தும் மரபு நம்மிடம் இல்லாமல் போகவில்லை. வால்டர் எலியட்டின் ‘தென்னிந்திய நாணயங்கள்’ 1880-களிலேயே வந்துவிட்டது. 1888-இல் லோவென்தால் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அங்கிருந்த கம்பெனிக் காசுகளுக்கு 1890-இல் பட்டியல் போட்டார். 1975-இல் பிரிட்மோர் தந்த எண்களைத்தான் மெட்ராஸ் மாகாணக் காசுகளுக்குச் சேகரிப்பாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். இவர்களுக்குப் பட்ட கடன் பெரியது. ஆனால் இந்த நூல்களின் நோக்கம் வகை பிரிப்பது. அச்சுக்கு அச்சு படம் வைத்து ஒப்பிடுவதற்கு அன்றைய அச்சகமும் புகைப்படச் செலவும் இடம் தரவில்லை. இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கேமரா இருக்கிறது.

ரோமக் குடியரசுக் காசுகளுக்கு, அச்சுக்கு அச்சு படம் வைத்து ஒப்பிடும் வேலையை ரிச்சர்ட் ஷேஃபர் என்ற தனிமனிதர் பல ஆண்டுகள் செய்தார். ஏலப் பட்டியல்களிலும் அருங்காட்சியகப் பட்டியல்களிலும் வந்த படங்களைக் கத்தரித்து, அச்சு வாரியாக ஒட்டி வைத்தார். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகம் அந்தத் தொகுப்பை மின்வடிவாக்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதே கழகத்துக்கு இன்னொரு கசப்பான அனுபவமும் உண்டு. சென்ட்டுகளுக்கு எண் கொடுத்த அதே ஷெல்டன், கழகத்தின் நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு தேய்ந்த காசுகளை அவற்றின் இடத்தில் வைத்தது அவர் இறந்த பிறகு அம்பலமாயிற்று. வழக்கு கலிஃபோர்னியா நீதிமன்றம் வரை போனது. ஒவ்வொரு காசுக்கும் தனித்தனியாகப் படம் இருப்பதே ஒரு சேகரிப்புக்கு வலுவான காவல் என்பதை அந்த விவகாரம் உலக அருங்காட்சியகங்களுக்கு உணர்த்தியது. எழும்பூர் அரசு அருங்காட்சியகமும் அதற்கு விலக்கு இல்லை.

இங்கே பழைய காசு என்றதும் பேச்சு விலைக்குத் தாவிவிடுகிறது. இந்த அஞ்சு ரூபாய்க்கு லட்சம் தருவார்கள், 786 நோட்டுக்குக் கோடி தருவார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவுகிறது. முன்பணம் கட்டி ஏமாந்தவர்கள் உண்டு. தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணயம், நோட்டு வாங்குவதாக வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. காசைப் பற்றிய அறிவு பொதுவெளியில் இல்லாத இடத்தில்தான் இந்தப் புளுகு விலைபோகிறது. அச்சு வாரியான பட்டியல் கையில் இருக்கிறவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

படங்களை வெளியிட்டால் போலி செய்கிறவர்களுக்கு வசதியாகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அஞ்சுவதில் நியாயம் இருந்தாலும் நடப்பு நேர்மாறாக இருக்கிறது. போலிகளில் பெரும்பாலானவை ஓர் உண்மைக் காசிலிருந்து அச்செடுத்து வார்த்தவை. மூலக் காசில் தற்செயலாக விழுந்த கீறலும் நசுங்கலும் அவற்றில் அப்படியே வந்துவிடும். இரண்டு காசுகள் ஒரே அச்சில் பிறக்கலாம், ஆனால் ஒரே இடத்தில் ஒரே கீறல் இரண்டிலும் விழாது. படங்களின் தொகுப்பு பெருகப் பெருக இந்தத் திருட்டு இரட்டையர்கள் அதிகமாகப் பிடிபடுவார்கள்.

வேலையைத் தொடங்க வீட்டிலேயே வழி இருக்கிறது. காசை வாலை வடிநீரில் ஊறவைத்து மண்ணை மட்டும் நீக்கினால் போதும். வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்து பரவினால் அது செம்பைத் தின்னும் நோய். அதைத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். மலிவான பிளாஸ்டிக் உறைகளில் சில ரகம் அமிலம் கசிந்து காசைக் கெடுக்கும். காகித உறை நல்லது, ஈரம் படாத இடம் அதைவிட நல்லது. படம் எடுக்கும்போது ஒளி ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக விழட்டும். பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும். நகைக்கடைத் தராசில் எடை பார்த்து எழுதி வைக்கலாம். காசை மேலும் கீழுமாகப் பிடித்துத் திருப்பினால் பின்பக்கம் நேராக வருகிறதா தலைகீழாக வருகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளலாம். அச்சுகளைப் பொருத்திய விதத்தை அது சொல்லும். மண்ணுக்கடியில் புதையலாகக் கிடைத்ததை மட்டும் யாரும் தாமாக வைத்துக்கொள்ளவோ பங்கு போடவோ கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சிதறாமல் வந்து சேர்கிற புதையல்தான் அச்சு ஒப்பீட்டுக்குப் பொன்னான சான்று.

மீதி வேலை நிறுவனங்களுடையது. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் தன்னிடம் உள்ள செப்புக் காசுகளை இரு பக்கமும் படம் எடுத்து, எடையும் குறித்து, தடையின்றிப் பார்க்கும்படி இணையத்தில் வைக்க வேண்டும். பழைய நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தந்துவரும் தமிழ் இணையக் கல்விக்கழகம் அதற்கு இடம் கொடுக்கலாம். மாநிலத் தொல்லியல் துறை தன் அகழாய்வுக் காசுகளையும் அதில் சேர்க்க வேண்டும். அச்சு ஒப்பிடும் பயிற்சிக்கு வரலாற்று மாணவர்களோடு, அம்பத்தூர்ப் பட்டறைகளில் ஓய்வு பெற்ற டூல் ரூம் தொழிலாளர்களையும் அழைக்க வேண்டும். அழைத்தால் அவர்கள் வருவார்கள். நாற்பது ஆண்டு டை பார்த்த கண்ணுக்கு வேலை கொடுக்கிற இடம் முகப்பேரில் இன்று எதுவும் இல்லை. முதல் பாடமாகக் கையில் எளிதாகக் கிடைக்கும் 1808-ஆம் ஆண்டுப் பத்துக் காசை எடுத்துக்கொள்ளலாம். அதில் கண் பழகியதும் அடுத்து எடுக்க வேண்டியது இராசராசன் காசு. அதை முடிக்கச் சில ஆண்டுகள் பிடிக்கும், ஆகவே இந்த நிதியாண்டிலேயே தொடங்கிவிடுவது நல்லது.